ஜாக் சிக் கைப்பிரதிகளும் அவற்றைச் சேர்ப்பவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் என் அலமாரியில் இருக்கிற நான்கு செருப்புப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒன்றை எடுத்துப் புரட்டுவார்கள், முகம் மாறும், பிறகு கேள்விகள் வரும். பல வருஷமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சிக் கைப்பிரதி என்றால் என்ன?

கையில் அடங்குகிற ஒரு குட்டிக் காமிக்ஸ். அகலவாக்கில் ஐந்து அங்குலம், உயரம் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் அட்டையோடு சேர்த்து 24 பக்கம், ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும். உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள், பக்கத்துக்கு ஒரு கட்டமோ இரண்டோ. சாலையிலும் வாசல்படியிலும் பஸ் நிலையத்திலும் சும்மா கொடுப்பதற்காக அச்சடிப்பது. நம்மூர் கிறிஸ்தவர்கள் கைப்பிரதி என்று சொல்வார்களே, அதேதான். ஆனால் துண்டுக் காகிதத்தில் வசனம் மட்டும் அடிக்காமல் ஒரு முழுக் கதையைப் படமாகச் சொல்லிவிடும்.

கதை எங்கே ஆரம்பித்தாலும் போய்ச் சேருகிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒருவன் சாகிறான், இயேசுவை இரட்சகராக ஏற்றிருந்தால் பரலோகம், ஏற்கவில்லையென்றால் அக்கினிக்கடல். முடிவில் வாசகர் சொல்லவேண்டிய ஜெபம் இருக்கும். பின்னட்டையில் ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள், பிரதியைக் கொடுக்கிற சபை தன் பெயரையும் முகவரியையும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொள்ள. அந்த வெற்றிடத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஜாக் சிக் யார்?

1924-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், முழுப்பெயர் ஜாக் தாமஸ் சிக். பசடீனா பிளேஹவுஸ் என்ற புகழ்பெற்ற நாடகப் பள்ளியில் நடிப்புப் படித்தார், இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்து கல்யாணம் ஆகி, கனடாவில் மனைவியின் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தபோது, சார்லஸ் புல்லர் என்ற பிரசங்கியாரின் ரேடியோ நிகழ்ச்சியைக் கேட்டு மனந்திரும்பினார் என்பது அவரே சொன்ன சாட்சி. அதுவரை கெட்ட வார்த்தை தாராளமாகப் பேசுகிற, மதத்தில் அக்கறை இல்லாத ஆள்.

அப்புறம் கலிபோர்னியாவில் ஒரு விண்வெளித் தொழில் நிறுவனத்தில் தொழில்நுட்பப் படம் வரைகிற வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டே ராத்திரியில் தன் சொந்தப் படங்களை வரைந்தார். முதல் புத்தகம் ‘ஒய் நோ ரிவைவல்?’, ஏன் எழுப்புதல் இல்லை என்று அர்த்தம். அதை அச்சடிக்க வேலை செய்த இடத்துக் கடன் சங்கத்தில் 800 டாலர் கடன் வாங்கினார். அந்தப் புத்தகம் பாவிகளைத் திட்டவில்லை, சபைக்குப் போகிறவர்களின் வெளிவேஷத்தைத் திட்டியது. அதனால் சில கிறிஸ்தவப் புத்தகக் கடைகளே அதை விற்க மறுத்தன. சிக் பப்ளிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தை 1970-ல் தொடங்கினார். 2016 அக்டோபரில் இறந்தபோது வயது 92.

ஆள் வெளியே தலைகாட்டவே மாட்டார். 1975-க்குப் பிறகு பத்திரிகைப் பேட்டி என்று அநேகமாக எதுவும் கிடையாது, போட்டோவும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இத்தனை கோடிப் பேர் கையில் போய்ச் சேர்ந்த ஒரு ஓவியரை பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஏன் காமிக்ஸைத் தேர்ந்தெடுத்தார்?

சீனாவில் கம்யூனிஸ்டுகள் காமிக்ஸ் புத்தகங்களைக் கொண்டு சாதாரண ஜனங்களைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள் என்று பாப் ஹாம்மண்ட் என்ற மிஷனரி ஒலிபரப்பாளர் சொல்லி சிக் கேள்விப்பட்டார். அவர்கள் செய்தால் நாம் ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. இன்னொரு காரணம், அவருக்கு ஆட்களிடம் நேரில் போய்ப் பேசக் கூச்சம். கூச்சப்படுகிற மனிதர் தனக்குப் பதிலாகக் காகிதத்தைப் பேசவிட்டார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன், இந்தப் பிரதிகளை வாங்கி விநியோகிக்கிறவர்களில் பலரும் அதே கூச்சக்காரர்கள்தான். வாய் திறக்க வேண்டாம், மேஜைமேல் வைத்துவிட்டு நடந்துவிடலாம்.

எந்தப் பிரதியில் ஆரம்பிப்பது?

சந்தேகமே வேண்டாம், 1964-ல் வந்த ‘திஸ் வாஸ் யுவர் லைஃப்!’. இதுதான் உன் வாழ்க்கையாக இருந்தது என்று அர்த்தம். இந்தக் கதையை முதலில் அவர் பெரிய அட்டைகளில் வரைந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டிக் கைதிகளுக்குச் சொன்னார். கேட்ட 11 பேரில் 9 பேர் அன்றே மனந்திரும்பியதாக அவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் அது கைப்பிரதியாக ஆனது.

முதல் கட்டத்தில் ஒரு மனிதன் கையில் மதுக்கோப்பையோடு சௌகரியமாக நிற்கிறான், நல்ல வீடு, நல்ல கார். அடுத்த நிமிஷம் மரணம் அங்கி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. அடக்கம் நடக்கிறது, போதகர் அவனை நல்லவன் என்று புகழ்கிறார். ஒரு தேவதூதன் வந்து குழியிலிருந்து அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறான். மேலே ஒரு பிரம்மாண்டமான திரை. அதில் அவன் வாழ்க்கை முழுக்கப் படமாக ஓடுகிறது: சின்ன வயசில் செய்த தப்பு, நண்பர்களிடம் சொன்ன ஆபாச ஜோக், ஆராதனையில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் விளையாட்டுப் போட்டியை நினைத்தது. அவன் வெட்கத்தில் கூனிக் குறுகுகிறான். உயரத்தில் சிங்காசனம், அதில் முகமே இல்லாத, ஒளி மட்டுமான தேவன். ஜீவபுஸ்தகத்தில் அவன் பெயர் இல்லை. “ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்” என்ற எபிரெயர் வசனம்தான் கதையின் முதுகெலும்பு.

கதை அங்கே முடியவில்லை. அவனை நெருப்பில் போட்ட பிறகு, வேறொரு வாழ்க்கை காட்டப்படுகிறது: அதே மனிதன் கேட்டிருந்தால், மண்டியிட்டிருந்தால், மற்றவர்களுக்கு உதவியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. சினிமாத் திரை என்ற யோசனையைப் பாருங்கள். நியாயத்தீர்ப்பைப் பற்றி நூற்றாண்டுகளாக ஓவியர்கள் தராசு வரைந்தார்கள், கணக்குப் புத்தகம் வரைந்தார்கள். இவர் ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், நாடகம் படித்தவர், தியேட்டரை வரைந்துவிட்டார். நான் விசுவாசி இல்லை, ஆனால் அந்தத் திரைக் கட்டத்தை முதல்முறை பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது, இப்போதும் லேசாகப் பிசைகிறது.

எல்லாப் படமும் அவர் வரைந்ததா?

இல்லை, இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்க்க ஆரம்பிக்காதீர்கள். சிக்கின் கை கார்ட்டூன் கை: உருண்டை மூக்கு, துருத்திய கண், பற்களைக் காட்டிச் சிரிக்கிற பேய்கள். இன்னொரு வகைப் பிரதிகள் இருக்கின்றன, அவற்றில் முகங்கள் உயிரோடு இருக்கும், துணி மடிப்பும் நிழலும் ஒழுங்காக விழும், தசையின் கனம் தெரியும். அவை ஃப்ரெட் கார்ட்டர் வரைந்தவை. 1972-ல் சிக்கோடு சேர்ந்த கறுப்பின ஓவியர், போதகரும்கூட. பல வருஷம் அவர் பெயர் எங்குமே போடப்படவில்லை, 1980-ல்தான் சிக் வெளிப்படையாகச் சொன்னார். அதுவரைக்கும் வாசகர்கள் எல்லாவற்றையும் சிக் கணக்கிலேயே எழுதினார்கள்.

அமெரிக்க மத ஓவியத்தில் இவ்வளவு அதிகம் அச்சாகி இவ்வளவு குறைவாகப் பேசப்பட்ட கை இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. ‘தி லைட் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற திரைப்படத்துக்காக 360-க்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்கள் தீட்டியிருக்கிறார், வேதாகமக் கதை முழுவதும். 2022-ல் இறந்தார். கறுப்பின வாசகர்களுக்காகப் பாத்திரங்களை மாற்றி வரைந்த பதிப்புகளும் இருக்கின்றன, அவற்றைத் தனியாகச் சேர்ப்பவர்கள் உண்டு. நானும் என் இரண்டாவது பெட்டியை கார்ட்டருக்கு என்றே ஒதுக்கிவிட்டேன்.

இதில் வெறுப்பு நிறைய இருக்கிறதே, தெரிந்துதான் சேர்க்கிறீர்களா?

தெரிந்துதான். இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்கள், முஸ்லிம்கள், இந்துக்கள், யெகோவா சாட்சிகள், மோர்மோன்கள், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள், பரிணாமத்தைக் கற்பிக்கிற ஆசிரியர்கள் என்று சிக் விட்டுவைத்த ஆள் குறைவு. கத்தோலிக்க நற்கருணை அப்பத்தைக் கேலி செய்து ஒரு முழுப் பிரதியே உண்டு.

அதில் மிக மோசமானது என்று நான் நினைப்பது ‘அல்பெர்டோ’. இது சின்னக் கைப்பிரதி இல்லை, வழக்கமான காமிக்ஸ் அளவில் வண்ணத்தில் 1979-ல் வந்தது, வரைந்தவர் கார்ட்டர். அல்பெர்டோ ரிவெரா என்பவர் தான் முன்னாள் ஜெசூயிட் (கத்தோலிக்க இயேசு சபை) பாதிரி என்றும், புரொட்டஸ்டன்ட் சபைகளை உள்ளிருந்து அழிக்கத் தன்னை அனுப்பினார்கள் என்றும் சொன்ன கதை. தொடர்ந்து வந்த இதழ்களில் கம்யூனிசமும் இஸ்லாமும்கூட ரோமில் இருக்கிற கத்தோலிக்கத் தலைமையின் சதி என்று போனது. 1981-ல் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ பத்திரிகை ரிவெராவின் கதை மோசடி என்று கட்டுரை வெளியிட்டது. அது கத்தோலிக்கப் பத்திரிகை இல்லை, சுவிசேஷகக் கிறிஸ்தவர்களின் பத்திரிகை. கிறிஸ்தவப் புத்தக வணிகர் சங்கத்திலும் சர்ச்சை எழுந்தது, சிக் அதிலிருந்து விலகிக்கொண்டார், ஆனால் ரிவெராவைக் கைவிடவில்லை. அதற்கு முன்னால் ஜான் டாட் என்ற, தன்னை முன்னாள் சூனியக்காரன் என்று சொல்லிக்கொண்ட ஆளையும் இப்படித்தான் நம்பினார். டாட் 1988-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்டார்.

பாதிப்பு காகிதத்தோடு நிற்கவில்லை என்பதற்கு இன்னொன்று: சிங்கப்பூரில் முஸ்லிம்களுக்குத் தபாலில் இந்தப் பிரதிகளை அனுப்பிய ஒரு தம்பதிக்கு 2009-ல் தேசத்துரோகச் சட்டத்தின் கீழும் ஆட்சேபகரமான வெளியீடுகள் சட்டத்தின் கீழும் எட்டு வாரச் சிறை கிடைத்தது.

அப்படியானால் ஏன் வைத்திருக்கிறேன்? கோடிக்கணக்கில் அச்சடித்த ஒன்று எப்படி இருந்தது, எந்த வார்த்தையைச் சொன்னது என்பதைப் பிறகு யாராவது கேட்டால் காட்டுவதற்குப் பிரதி வேண்டும். மென்மையாக்கப்பட்ட மறுபதிப்பை வைத்துக்கொண்டு பழையதைப் பற்றிப் பேச முடியாது. வெறுப்புள்ளவற்றை எல்லாம் எரித்துவிட்டால் மிஞ்சுவது நல்ல பிள்ளைப் பிரதிகள் மட்டும்தான், அது பொய்யான தொகுப்பாகிவிடும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மூன்றாவது பெட்டி தனியாக இருக்கிறது, அவ்வளவுதான் செய்ய முடிகிறது.

யார்தான் இதைச் சேர்க்கிறார்கள்?

விசுவாசிகள்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நுழைந்தேன், அப்படியில்லை. பழைய காமிக்ஸ் பிரியர்கள் ஒரு கூட்டம். ரெட்ரோ டிசைன் ஆட்கள் ஒரு கூட்டம். மதவரலாறு படிக்கிறவர்கள் உண்டு. நான் அதிகம் பேசிப் பழகியது வேறொரு வகையோடு: சின்ன வயசில் சபையில் வளர்ந்து, இந்தப் படங்களைப் பார்த்து ராத்திரி தூக்கம் வராமல் கிடந்து, வளர்ந்தபின் நம்பிக்கையை விட்டுவிட்டவர்கள். அவர்கள் தங்களைப் பயமுறுத்திய அந்த ஒரு பிரதியைத் தேடுகிறார்கள். தலைப்பு ஞாபகம் இருக்காது. “ஒரு பையன், ஒரு கார், மலைச்சரிவு, அப்புறம் நெருப்பு” என்று சொல்வார்கள். கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால் சிலர் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசுவதில்லை.

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகளின் பையில் மிட்டாயோடு ஒரு கைப்பிரதியைப் போடும் பழக்கம் உண்டு, நிறுவனமே அதை ஊக்குவிக்கிறது. அதனால் நிறையப் பேருக்கு முதல் பிரதி அப்படித்தான் வந்திருக்கிறது.

கணினிக்கு வெளியே விளையாட்டு ஆடுகிறவர்கள் ஏன் ‘டார்க் டஞ்சன்ஸ்’ மேல் இவ்வளவு பைத்தியமாக இருக்கிறார்கள்?

ஏனென்றால் அது அவர்களைப் பற்றியது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கற்பனைப் பாத்திரங்களாக ஆடுகிற விளையாட்டு 1974-ல் வந்தது. பத்து வருஷத்தில் அமெரிக்கப் பெற்றோர் மத்தியில் அதைச் சாத்தான் விளையாட்டாகப் பார்க்கிற பீதி பரவியது. 1984-ல் சிக் அதை வைத்து இந்தப் பிரதியைப் போட்டார். டெப்பி என்ற பெண் விளையாட்டில் எட்டாம் நிலைக்கு உயர்கிறாள், உடனே ஆட்டத்தை நடத்துகிற பெண்மணி அவளை நிஜ மந்திரவாதத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். டெப்பி தன் அப்பாவின் மேலேயே மந்திரம் போட்டு 200 டாலருக்கு விளையாட்டுப் பொம்மைகளும் புத்தகங்களும் வாங்கவைக்கிறாள். தோழி மார்சியின் பாத்திரமான பிளாக் லீஃப் ஆட்டத்தில் செத்துப்போகிறது, அந்தத் துக்கத்தில் மார்சி உயிரை விடுகிறாள். முடிவில் டெப்பி மனந்திரும்பி எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறாள்.

விளையாடுகிறவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். 2014-ல் இதைக் குறும்படமாகவே எடுத்தார்கள், எடுத்தவர் கேட்டதும் சிக் பணம் வாங்காமல் உரிமை கொடுத்துவிட்டார். சேர்ப்பவர்களுக்கு முக்கியமான தகவல் வேறு: எரிக்கவேண்டிய புத்தகங்கள் பற்றிய இடத்தில் பழைய அச்சில் ஒரு அடிக்குறிப்பு உண்டு, அதில் மாயாஜாலக் கதைகள் எழுதிய டோல்கீன், சி. எஸ். லூயிஸ் பெயர்கள் இருக்கும். லூயிஸ் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக எழுதிய மனிதர்! பின்னால் வந்த அச்சில் அந்தப் பெயர்கள் காணாமல் போய்விட்டன. ஆகவே ‘டார்க் டஞ்சன்ஸ்’ கிடைத்தால் முதலில் அந்தக் கட்டத்தின் அடியைப் பாருங்கள்.

பழைய அச்சா, புது அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். காப்புரிமை வருஷத்தை நம்பாதீர்கள். 1964 என்று போட்டிருந்தால் கதை 1964-ல் முதலில் வந்தது என்று மட்டும்தான் அர்த்தம், போன மாசம் அடித்த பிரதியிலும் அதே 1964 இருக்கும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘1964 முதல் அச்சு’ என்ற விளம்பரத்தை நம்பி நாற்பது டாலர் கொடுத்து வாங்கினேன். உறையைப் பிரித்ததுமே காகிதத்தின் வெள்ளையும் பின்னட்டை முகவரியும் காட்டிக்கொடுத்துவிட்டன.

நான் பார்க்கிற வரிசை இது. முதலில் முகவரி: பழைய பிரதிகளில் கலிபோர்னியாவின் சீனோ ஊர் தபால்பெட்டி எண் 662 இருக்கும், பின்னால் வந்தவற்றில் ஆன்டேரியோ ஊரின் 3500. அப்புறம் புத்தகங்களுக்குக் கொடுக்கிற அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன். 1960-களில் அச்சானதில் அது இருக்கவே முடியாது, அந்த முறையே அப்போது அங்கே வரவில்லை. 0-937958 என்று ஆரம்பித்தால் நடுக்காலம், 0-7589 என்று ஆரம்பித்தால் பிந்தையது. இணைய முகவரி அச்சிட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் உள்ளே போய்க் கட்டம் கட்டமாக ஒப்பிடுவது. சிக் தன் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். பரிணாமத்தை எதிர்த்து 1972-ல் வந்த ‘பிக் டாடி?’ ஒரு நல்ல உதாரணம், பின்னால் அதன் வாதங்களையும் அடிக்குறிப்புகளையும் கென்ட் ஹோவிண்ட் என்ற பிரசங்கியாரின் உதவியோடு மாற்றினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முப்பது வருஷத்தில் அந்த வாதம் எங்கே நகர்ந்தது என்று தெரியும். முத்து காமிக்ஸ் பழைய இதழையும் மறுபதிப்பையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுப் பார்க்கிற ஆட்களுக்கு இந்த வியாதி நன்றாகவே புரியும்.

குர்ட் கியூர்ஸ்டைனர் என்பவர் 2004-ல் சேர்ப்பவர்களுக்கான ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டிருக்கிறார், சிக் பற்றி ஆவணப்படமும் எடுத்தவர். தீவிரமாக இறங்குவதாக இருந்தால் அந்தப் புத்தகம் இல்லாமல் முடியாது.

எது அரிது?

1984-ல் வந்த ‘லிசா’. மகளைக் கொடுமை செய்யும் ஒரு தகப்பனின் கதை. விஷயம் தெரிந்த டாக்டர் போலீசுக்குப் போகாமல் அவனுக்குச் சுவிசேஷம் சொல்கிறார், அவன் மனந்திரும்புகிறான், எல்லாம் சரியாகிவிட்டதுபோல் கதை முடிகிறது. படிக்கவே கை நடுங்குகிற பிரதி. நிறுவனம் அதை நிறுத்திவிட்டது, அதனால் எல்லாரும் தேடுகிறார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, விற்கமாட்டேன், யாருக்கும் விளையாட்டாகக் காட்டவும் மாட்டேன்.

மற்றபடி அரிது என்பது கொஞ்சம் வினோதமான விஷயம் இங்கே. 250-க்கும் மேற்பட்ட தலைப்புகள் வந்தன, அதில் பல அச்சில் இல்லை. ஆனால் குறைந்தது 10,000 பிரதி ஆர்டர் கொடுத்தால் நிறுத்திய தலைப்பை நிறுவனம் மறுபடி அடித்துக் கொடுக்கும். நாலு பேர் காசு போட்டு அடித்தால் நேற்று அரிதாக இருந்தது நாளைக்குச் சல்லிசாகிவிடும். அதனால் தலைப்புக்காகப் பணம் கொட்டாதீர்கள், அச்சுக்காகக் கொடுங்கள்.

என்ன விலை?

புதியவை சில்லறைக் காசுதான், அச்சில் இருக்கிற எல்லாத் தலைப்பிலும் ஒவ்வொன்று கலந்த கட்டும் நிறுவனமே விற்கிறது, ஆரம்பிக்கிறவர்கள் அதை வாங்கினாலே போதும். பழைய அச்சு சில டாலரிலிருந்து ஆரம்பிக்கும், ‘லிசா’ போன்றவை நூறைத் தாண்டும்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

மலிவான காகிதம், மஞ்சளாகும், ஒடியும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அது உருகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். செலோடேப் ஒட்டிக் கிழிசலைச் சரிசெய்யாதீர்கள். போஸ்ட்கார்டு சேர்ப்பவர்கள் பயன்படுத்துகிற பாலிப்ரொப்பிலீன் உறை அளவுக்குச் சரியாக இருக்கும், பிவிசி உறை வேண்டாம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்க அவசரப்படாமல் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் கட்டாயம்.

சபை ஸ்டாம்ப் குத்தியிருந்தால் மதிப்புக் குறையுமா?

சந்தையில் குறையும் என்பார்கள், சுத்தமான பின்னட்டைதான் வேண்டும் என்பார்கள். நான் இதற்கு நேர் எதிர். ஸ்டாம்ப் இல்லாத பிரதி கிடங்கிலிருந்து நேராக உறைக்கு வந்தது. ஸ்டாம்ப் இருப்பது ஓர் ஊருக்குப் போயிருக்கிறது, யாரோ ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து நூறு பிரதிக்கு மை தொட்டுக் குத்தியிருக்கிறார், அதில் ஒன்று கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. என்னிடம் இருக்கிற ஒரு பிரதியில் சபையின் பழைய தொலைபேசி எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு இலக்கமும் பொறுமையாக, பள்ளிக்கூடக் கையெழுத்தில். அந்த ஒன்றுக்கு ஈடாக எத்தனை சுத்தமான அட்டை கொடுத்தாலும் மாற்றமாட்டேன்.

பொது இடத்தில் வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு போவது சரியா?

ஒன்று எடுக்கலாம், அது எடுப்பதற்காகத்தான் வைக்கப்படுகிறது. அடுக்கோடு அள்ளுவது கூடாது. வைத்தவர் தன் காசு போட்டு, ஜெபம் பண்ணி வைத்திருக்கிறார். நான் அவர் சொல்வதை ஏற்காமல் இருக்கலாம், அதற்காக அவருடைய அடுக்கு என்னுடையதாகிவிடாது.

தமிழில் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் போட்டிருக்கிறார்கள், ‘திஸ் வாஸ் யுவர் லைஃப்!’ தமிழிலும் உண்டு. படம் அதே அமெரிக்கப் படம்தான், கோட்டும் சூட்டும் காரும் அப்படியே இருக்க எழுத்து மட்டும் தமிழ். ஆங்கிலத்தில் சிக் கிங் ஜேம்ஸ் வேதாகமம் என்ற பழைய மொழிபெயர்ப்பைத் தவிர வேறு மொழிபெயர்ப்பை ஒப்புக்கொள்ளமாட்டார், அதில் மிகக் கடுமையானவர். தமிழில் “அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டான்” என்று வாசிக்கும்போது இரண்டு மொழியும் ஒரே கனத்தில்தான் விழுகிறது. பழைய தமிழ் அச்சுப் பிரதி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஆங்கிலப் பிரதிகளைச் சேர்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இவற்றைத் தேடுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

சிக் மட்டும்தானா, வேறு கிறிஸ்தவக் காமிக்ஸ் இல்லையா?

உண்டு. 1970-களில் ஸ்பயர் கிறிஸ்டியன் காமிக்ஸ் என்ற வரிசை வந்தது, அல் ஹார்ட்லி என்ற, மார்வெலில் வரைந்து பழகிய ஓவியர் செய்தது. ஆர்ச்சி என்ற பிரபலமான அமெரிக்கக் காமிக்ஸின் பாத்திரங்களையே வைத்து சுவிசேஷக் கதைகள்! வண்ணம், பெரிய அளவு, இனிமையான தொனி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அதில் ஒட்டவில்லை, பயம் இல்லாத இடத்தில் அந்தக் கைக்கு வேகம் குறைவு.

படங்களில் ஒரு நாய் வருகிறதாமே?

ஆமாம், ஃபாங். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு மூலையில் நிற்கும், சில இடங்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நரகத்தை இத்தனை தடவை வரைந்த கை அந்த நாயையும் ஆசையாக வரைந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதற்காகவே சிலர் எல்லாப் பிரதிகளையும் திரும்பப் படிப்பார்கள்.

சிக் இறந்தபின் இன்னும் அச்சாகிறதா?

ஆகிறது. டேவிட் டேனியல்ஸ் என்பவர் எழுத்தை ஏற்றுக்கொண்டார், புதிய தலைப்புகளும் வருகின்றன. நான் பழையவற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு ஒரே ஒரு விஷயம் சொல்வதென்றால்?

எங்கே, எப்போது கிடைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள், பிரதியின் மேலேயே எழுதாதீர்கள். இந்தக் காகிதத்தில் எல்லாம் அச்சிட்டிருக்கிறது, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது மட்டும் எங்கும் இல்லை. என் முதல் பிரதியோடு இருக்கிற சீட்டில் இப்படி இருக்கிறது: “டெக்சாஸ். காசு போட்டுத் துவைக்கிற கடை. வெள்ளி இரவு. மூன்றாவது மெஷின் மேல், சோப்புத்தூள் டப்பாவுக்குக் கீழே செருகியிருந்தது. அட்டையின் ஒரு மூலை நனைந்திருந்தது.”